புட்டியின் அடியில் மிஞ்சியது

மார்ச்சின் இரண்டாம் வியாழன்.
சோன் ஆற்றில் தண்ணீர் இன்னும் பழுப்பு.
படகு பழுதுபார்க்கும் கொட்டகையின் பின்னறைக்குக்
கணக்கெழுத வந்தவள் நான்,
சமைக்க வந்தவள் அல்ல.
ஆனாலும் மணி பன்னிரண்டு ஆகிவிட்டால்
இந்த நாட்டில் பேனாவுக்கும் பசிக்கும்.

கயெத்தானும் ஆன்செல்மும் அண்ணன் தம்பி.
பத்தொன்பது நாளாகப் பேச்சில்லை.
ஒரு டீசல் பம்ப்.
வாடிக்கைக்காரி அழுதாள் என்று
விலையைப் பாதியாக்கிவிட்டான் ஒருவன்.
அழுகையை எந்தப் பத்தியில் எழுதுவாய் என்று
என்னிடம் கேட்டான் மற்றவன்.
வரவிலா, செலவிலா?
இப்போதைக்கு ஓரத்தில், பென்சிலால்.

"ஸ்பேனர் எங்கே என்று அவனிடம் கேள், ஓடில்."
"ஆணியில் தொங்குகிறது என்று அவனிடம் சொல்."
இரண்டு முழ தூரம்தான்.
நடுவில் நான், சம்பளமில்லாத தபால்காரி.

இன்று அலமாரியில்
கடுகு விழுதுப் புட்டி காலி.
காலி என்றால் முழுக் காலி அல்ல:
கரண்டி எட்டாத கழுத்து மடிப்பில் மஞ்சள் தீற்றல்,
அடியில் கட்டைவிரல் நகமளவு.
எறிய மனம் வரவில்லை,
கழுவவும்.

பாதி ஆரஞ்சு. முழு எலுமிச்சை.
விதை விழாமல் விரலிடுக்கில் பிழிந்தேன்.
காலையில் காகிதம் கீறிய இடத்தை
எலுமிச்சைதான் கண்டுபிடித்தது.
கிள்ளிய உப்பு.
தேன் இல்லை; காப்பிச் சர்க்கரைக் கட்டியில் ஒரு மூலை.
பிறகு எண்ணெய், சாற்றைப் போல் இரண்டு பங்கு,
அதுவும் கண்ணளவு.
பேரேட்டில் மட்டும்தான் நான் கறார்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
மேலே எண்ணெய். கீழே சாறு.
ஒட்டி நின்றும் தொட்டுக்கொள்ளாத இரண்டு நிறம்.
என்ன சொல்ல வருகிறேன் என்று
உங்களுக்குத் தெரிந்துவிட்டது.
வேண்டாம்.
நான் கடுகு இல்லை.
மணிக்கு இருபத்திரண்டு யூரோ வாங்குகிறவள்.

மூடினேன். குலுக்கினேன்,
மாதக் கடைசியில் உண்டியலைக் குலுக்குகிற ஆத்திரத்தோடு.
மூடியின் புரி ஒரு சுற்று பிசகியிருந்திருக்கிறது.

மஞ்சள் வில் ஒன்று காற்றில் எழும்பிப்
பேரேட்டின்மேல், காலாண்டு வரித்தாளின்மேல்,
கயெத்தானின் மூக்குக்கண்ணாடிமேல்,
ஆன்செல்மின் மீசைமேல்
இறங்கியது.

யாரும் அசையவில்லை.
எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்த
இரண்டு முகங்களில்
இப்போது கடுகும்.

ஆன்செல்ம் மெதுவாக
மீசையை நாவால் துழாவினான்.
"உப்பு போதாது" என்றான்.
என்னைப் பார்த்து அல்ல.
கயெத்தான் கண்ணாடியைக் கழற்றினான்,
விரலால் வழித்தான், நக்கினான்.
"உப்பு சரி. ஆரஞ்சுதான் கூடுதல்."
"உனக்கு எப்போதடா நாக்கு இருந்தது?"
"உனக்கு எப்போது நெஞ்சு இருந்தது?"

அப்படித் தொடங்கியது.
பம்ப், அழுதவள், அவள் படகு,
அந்தப் படகை முதலில் யார் தொட்டது,
சின்ன வயதில் ஆற்றில் போன ஒற்றைச் சப்பாத்து வரைக்கும்.
மிஞ்சியதை லெட்யூஸ்மேல் ஊற்றிக்
கையாலேயே புரட்டினேன்.
இலைகள் மெழுகு பூசியதுபோல் மினுங்கின.
கத்திக்கொண்டே தின்றார்கள்.
ரொட்டியால் கிண்ணத்தைத் துடைப்பதிலும் சண்டை.

வரித்தாளில் கறை,
ஒரு நாணயமளவு கண்ணாடி வட்டம்.
அதன் வழியே அடியிலிருந்த ரசீது தெரிந்தது:
பம்ப், பாதி விலை.
புதுத்தாள் எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.
உறையிலிட்டு அப்படியே ஒட்டினேன்.

நாலு மணிக்குப் புட்டியைப் பார்த்தேன்.
ஒரு வாய் மிச்சம்.
எண்ணெய் மேலே, சாறு கீழே, பழையபடி.
மூடியை இம்முறை
விரல் வெளுக்கத் திருகினேன்.

கொட்டகையிலிருந்து குரல்:
"ஸ்பேனர் எங்கேடா, தடியா?"